கட்டில் சட்டமும் கண் டாக்டரின் படகும்

பலகையார் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் ஒரே பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஃபைபர் படகுகளைத் தேய்த்தார், அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை விட்டது தான்தான் என்பது அவர் கட்சி. ரெசின் வாளி தூக்க வந்தவர், யார் கையையும் பிடித்துக் கற்காமல், யார் காலையும் பிடித்து ஏறாமல், படகுப் பட்டறையில் தேய்ப்பு வேலைக்குத் தலைமை ஆள் ஆனார். இதை வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். கேட்பவர் கையில் டீ இருந்தால் இரண்டு தடவை.

தேய்ப்பு வேலை என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் பாயை ரெசின் என்ற பிசினில் நனைத்து அடுக்கடுக்காகப் போட்டுப் படகின் உடம்பைக் கட்டியதும் அது மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும். மேலே பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து நேராக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தாள்தான் வேலை செய்வதாகத் தோன்றும். தாள் வெறும் பல். எங்கே கடிக்க வேண்டும் என்று சொல்வது தாளுக்குப் பின்னால் இருக்கும் கட்டை. கட்டை இல்லாமல் வெறும் விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும். மெத்தென்ற கட்டையை நேரான பக்கத்தில் போட்டால் மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, இரண்டு பேரையும் நலம் விசாரித்துவிட்டு வருமே தவிர எதையும் சரி செய்யாது. கட்டியான கட்டையை வளைவில் போட்டால் வளைவு சப்பையாகும். உள்ளங்கை அளவுக் குட்டைக் கட்டை ஒரு பள்ளத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். நீளமான பலகை மட்டும்தான் மேட்டுக்கு மேடு பாலம் போட்டு, மேட்டை மட்டும் சீவும். இதெல்லாம் பலகையாருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவருடைய பலகை கடையில் வாங்கியது இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கட்டிலின் பக்கச் சட்டம் முறிந்தது. புதுச் சட்டம் போடுவார் என்று மனைவி காத்திருந்தாள். அவர் முறிந்ததில் ஒரு கை நீளத்துக்கு நல்ல துண்டாகப் பார்த்து அறுத்து எடுத்துக்கொண்டு, கட்டிலில் அந்த இடத்துக்கு ஓர் இரும்புக் குழாயைக் கம்பியால் கட்டிவைத்தார். அன்றிலிருந்து கட்டில் புரண்டு படுத்தால் கிணுகிணுக்கும். மனைவி அந்தப் பலகைக்கு "மூத்தவ" என்று பெயர் வைத்தாள். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "மூத்தவளத் தொடச்சு வச்சாச்சா, இல்ல அதுக்கப்புறம்தான் எனக்கு முறையா?" என்று கேட்பாள். அவர் பலகையைத் துடைத்துச் சமையலறை ஜன்னல் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அப்படிப்பட்ட பலகைக்கு ஒரு குறை இருந்தது. வருஷக்கணக்கில் தண்ணீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்ததில் இரண்டு ஓரமும் தேய்ந்து, நடுவில் லேசாக வயிறு வைத்துவிட்டது. அவருக்கும் வைத்திருந்தது. அவருடையது கண்ணுக்குத் தெரிந்தது. பலகையின் வயிறு ஒரு தீக்குச்சி கனம்தான். ஆனால் வயிறு வைத்த பலகை போகிற இடமெல்லாம் தன் வயிற்றுக்கு இடம் தோண்டிக்கொண்டே போகும். அவர் தேய்த்த படகுகளின் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு ஒன்றாக, காற்றில்லாத நாளின் கடல் மாதிரி மெல்லிய அலை ஓடியது.

இது அவருக்குத் தெரியாது. பட்டறையில் ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். அது அவர் மருமகன்.

மருமகன் பெயிண்ட் அடிப்பவன். கல்யாணமான முதல் மாதமே மாமனார் தேய்த்த படகுக்குக் கருஞ்சிவப்பில் பளபளப்புப் பெயிண்ட் அடித்தவன், காய்ந்ததும் அதில் கண்ணாடி மாதிரித் தெரிந்த ஏணியைப் பார்த்தான். ஏணி நெளிந்தது. அன்று சாயங்காலமே, நிறம் சரியாக விழவில்லை என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டான். வெள்ளை நல்ல நிறம். அதுவும் பளபளப்பைக் குறைத்து அடித்தால் எதையும் காட்டிக்கொடுக்காது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம். சிவப்புக் கேட்டு வந்தவர், பச்சை கேட்டு வந்தவர், கறுப்பில் தங்கக் கோடு கேட்டு வந்தவர் எல்லாரையும் மருமகன் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினான். வெள்ளை வெயிலை இழுக்காது. பறவை எச்சம் தெரியாது. மூடுபனியில் தூரத்திலிருந்தே தெரியும். பேசிப் பேசி அத்தனை பேரையும் வெளுத்து அனுப்பினான். படகுத்துறையில் போய் நின்றால் வரிசையாக வெள்ளைப் படகுகள்தான். மாமனார் அந்த வரிசையைக் காட்டி, தன் வேலைக்கு வெள்ளைதான் பொருத்தம் என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வகையில் அது உண்மைதான்.

ஏன் சொல்லவில்லை என்று மருமகனைக் கேட்டால் அவனால் காரணம் சொல்ல முடியாது. முதல் வருஷம் பயம். இரண்டாம் வருஷம் மரியாதை. மூன்றாம் வருஷத்திலிருந்து, போன இரண்டு வருஷம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்ற கவலை.

அந்தச் சமயத்தில்தான் கண் டாக்டரம்மா படகு கட்டக் கொடுத்தார்.

போன வருஷம் பலகையாரின் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர் அவர். கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்த அன்று பலகையார் முதலில் பார்த்தது டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் இருந்த கீறலை. அதைச் சுட்டிக்காட்டி, இது எத்தனையாம் நம்பர் தாள் போட்ட கீறல் என்பதையும் சொன்னார். டாக்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறை நோயாளி எட்டிப் பார்த்தார். அந்த உறவில்தான், வேலையிலிருந்து ஓய்வு பெறும் முன் தனக்கென்று ஒரு சின்ன மோட்டார் படகு வேண்டும் என்று டாக்டர் பலகையாரைத் தேடி வந்தார். கடல் நீலம் வேண்டும், பளபளப்பாக வேண்டும் என்றார்.

மருமகன் டீ வாங்கி வந்தான். வெயில், எச்சம், மூடுபனி மூன்றையும் வரிசையாகச் சொன்னான். டாக்டர் டீயைக் குடித்து முடித்தார்.

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷமா வெள்ளைக் கோட்டு போட்டிருக்கேன். வெள்ளைச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். படகாவது நீலமா இருக்கட்டுமே."

மருமகன் இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அதற்குள் பலகையார் குறுக்கே வந்துவிட்டார். பட்டறையில் பதினான்கு பேர் இருந்தார்கள், பதினான்கு பேரும் கேட்கத்தான் பேசினார்.

"நீலம்தானே அம்மா? எனக்குக் கண்ணு குடுத்தவங்க நீங்க. உங்க படகு பக்கத்துல நின்னு பாத்து நீங்க தலை வாரிக்கலாம், அப்படி இருக்கும். இல்லைன்னா இந்தப் பலகைய அடுப்புல வச்சிட்டு வீட்டுல உக்காந்துடறேன்."

டாக்டர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். வாருவதற்கு நிறைய இல்லை என்றார். ஆனால் சீப்போடு வருவதாக ஒப்புக்கொண்டார். மருமகன் இரண்டு காலி டம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவன் வெகு நேரம் வரவில்லை.

மறுநாள் அவன் கடைக்குப் போனான். தேய்ப்புக் கட்டைகளையெல்லாம் எடுத்துப் போடச் சொன்னான். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி, நேரான இடத்துக்கா வளைவுக்கா என்று. மாமனாருக்கு என்றான் இவன். கடைக்காரர் அனுபவஸ்தர். எதற்கும் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கிக்கொள் என்றார். கட்டி ரப்பரில் ஒன்று, நுரைப்பஞ்சில் ஒன்று, உள்வளைவுக்கு உருளையாக ஒன்று, பிறகு கைக்கு மேல் நீளமாக, இரண்டு பிடி வைத்த, கெட்டியான ஆனால் படகின் உடம்போடு சேர்ந்து லேசாக வளைந்துகொடுக்கிற பிளாஸ்டிக் பலகை ஒன்று. இந்த நாலாவதுதான் அவனுக்கு வேண்டியது. மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு.

தான் கொடுத்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும் என்று மனைவியிடம் கொடுத்து அனுப்பினான். மகள் பெட்டியை அப்பாவின் சாப்பாட்டு மேஜையில் வைத்து, சும்மா பார்த்தேன், வாங்கினேன் என்றாள். வாழ்க்கையில் அவள் சும்மா எதையும் வாங்கியதில்லை.

பலகையார் தட்டை நகர்த்திவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ரப்பர் கட்டையை மேஜையில் தட்டினார். வாசல் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுக்கலாம் என்றார். நுரைப்பஞ்சை அழுத்திப் பார்த்து மனைவி பக்கம் தள்ளினார். அவள் அதை அப்போதே எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரத்தின் கரியைத் தேய்த்துப் பார்த்து, நல்ல சாமான் என்று அங்கிருந்தே சான்றிதழ் கொடுத்தாள். உருளைக் கட்டை சப்பாத்திக் கட்டை என்று முடிவாயிற்று. கடைசியில் நீளப் பலகை. இரண்டு பிடியையும் பிடித்து மெல்ல அழுத்தினார். அது வளைந்தது.

"இது வளையுதே," என்றார்.

"படகும் வளைவாத்தானேப்பா இருக்கு," என்றாள் மகள்.

"படகு வளையலாம். படகச் சரி பண்ண வந்தது வளையலாமா? முப்பது வருஷத்துல என் பலகை ஒரு நூல் வளைஞ்சிருக்குமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் ஓரமாக நின்ற மூத்தவளைப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

படகின் உடம்பு தயாராகி, பட்டி பூசி, காய்ந்தது. பலகையார் ஒன்பது நாள் தேய்த்தார். குறை சொல்ல முடியாத உழைப்பு. நேர்க்கோட்டில் தேய்க்காமல் சாய்வாக, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். அப்படித்தான் தேய்த்தார். தாளில் தூசி ஏறினால் உடனே மாற்றினார். உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தடவிக்கொண்டே நடந்தார். வருஷக்கணக்காக ஒரே அலையைத் தடவிப் பழகிய கைக்கு அதுதான் சமதளம். பெயிண்டுக்கு முன் அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தார்கள். பிரைமர் மங்கலான சாம்பல் நிறம், அது வாயைத் திறக்கவில்லை.

மருமகன் ஐந்து நாள் தள்ளினான். ஒரு நாள் காற்று. ஒரு நாள் ஈரப்பதம். ஒரு நாள் ஸ்பிரே துப்பாக்கியின் மூக்கு அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டு நாளுக்கு அவன் சொன்ன காரணம் அவனுக்கே நினைவில்லை. ஆறாம் நாள் கடைசி வழியைக் கையில் எடுத்தான். அது பட்டறைகளில் எல்லாரும் செய்கிற சோதனைதான். பிரைமர்மேல் கருப்புத் தூளை மெல்லிசாகத் தூவி, நேரான நீளப் பலகையால் மேலாகத் தேய்த்தால், மேட்டில் இருக்கிற கருப்பு போய்விடும், பள்ளத்தில் இருப்பது அப்படியே தங்கும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம், கருப்பே சொல்லிவிடும். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை மகள் ரகசியமாக எடுத்து வந்து கொடுத்திருந்தாள். மருமகன் தூளைத் தூவி முடித்து, புதுப் பலகையை எடுக்கப் பெட்டிப் பக்கம் குனிந்தான். நிமிர்வதற்குள் மாமனார் தன் பலகையில் தாளைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

கருப்பு மொத்தமும் போயிற்று. ஒரு புள்ளி மிச்சமில்லை. எந்தப் பலகை பள்ளத்தைத் தோண்டியதோ அதே பலகை அதே பள்ளத்தில் வயிற்றை வைத்துத் துடைத்துக்கொண்டு வந்தது. குற்றவாளியே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் வழக்கு எவ்வளவு நேரம் நடக்கும்?

"பாத்தீங்களா மாப்பிள்ளை," என்றார் பலகையார். "தேடினாலும் கெடைக்காது."

மருமகன் பாத்தேன் மாமா என்றான். மறுநாள் நீலம் அடித்தான்.

பெயிண்ட் காய்ந்து, ஒட்டியிருந்த காகிதங்களைப் பிரித்த அன்று காலை டாக்டரம்மா வந்தார். கையில் நிஜமாகவே சீப்பு இருந்தது. கொட்டகைக் கதவுகளைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார்கள். பதினான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். டாக்டர் படகை ஒட்டி நின்று சீப்பைத் தூக்கினார். ஓரடி முன்னால் போனார். பின்னால் வந்தார். இன்னும் ஓரடி நகர்ந்தார்.

"இங்க நின்னா இளைச்சுப் போறேன். அங்க நின்னா பெருத்துப் போறேன்," என்றார். "இங்கயே நின்னுக்கறேன், இது நல்லாருக்கு."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். பலகையார் வந்து பார்த்தார். கொட்டகையின் இரும்புத் தூண் நீலத்தில் தெரிந்தது. அது பாம்பு மாதிரி இடுப்பை ஒடித்து நின்றது.

தூண் கோணல் என்றார். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தூண் நேராக இருந்தது. பெயிண்ட் ஒரு பக்கம் கனமாக விழுந்துவிட்டது என்றார். மருமகன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு கடைசி வழி மிச்சமிருந்தது. குரலைத் தாழ்த்தி டாக்டரைக் கேட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஆபரேஷன்ல ஏதாவது...?"

"வலது கண்ண மூடுங்க," என்றார் டாக்டர், கோபப்படாமல். "தூண் எப்படி இருக்கு?"

"கோணலா இருக்கு."

"இடது கண்ண மூடுங்க."

"கோணல்தான்."

"படகப் பாக்காதீங்க, தூணப் பாருங்க."

அவர் தூணைப் பார்த்தார். நேராக இருந்தது. இடது கண்ணுக்கும் நேர், வலது கண்ணுக்கும் நேர். அவ்வளவு துல்லியமான கண்ணை அவருக்கு யாரும் முன்பு கொடுத்ததில்லை.

மருமகன் முன்னால் வந்து, தப்பு என்னுடையதுதான், நான் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னான். பலகையார் அவனை நிறுத்தினார். பலகையைச் சுற்றியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். ரெசின் கலக்கும் மேஜையில் பதித்திருந்த தடித்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பலகையை அதன்மேல் கவிழ்த்து வைத்தார். ஒரு ஓரத்தை விரலால் தொட்டார். டக். மறு ஓரத்தைத் தொட்டார். டக். தொட்டில் மாதிரி ஆடியது.

பதினான்கு பேருக்கும் திடீரென்று அவரவர் வேலை நினைவுக்கு வந்தது. மருமகன் மட்டும் நகரவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். "முதல் படகு. அந்தச் சிவப்பு. நிறம் சரியில்லைன்னு வெள்ளை அடிச்சீங்களே."

மருமகன் தரையில் சிந்திக் காய்ந்திருந்த பெயிண்டைக் காலால் சுரண்டினான்.

"அப்ப அதுக்கப்புறம் அடிச்ச வெள்ளையெல்லாம்?"

"வெள்ளையும் நல்லாத்தான் மாமா இருந்துச்சு," என்றான்.

பலகையார் கொஞ்ச நேரம் பலகையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று மருமகன் காத்திருந்தான். அவர் திட்டுவதற்கு வார்த்தை தேடித்தான் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் ஓர் ஆள் தனக்காகச் சலிக்காமல் பொய் சொல்லியிருக்கிறான், அதுவும் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருக்கிறான் என்றால் அவனை எந்த வார்த்தையில் திட்டுவது என்று பிடிபடவில்லை. கடைசியில் டாக்டரிடம் திரும்பி, சொன்ன வார்த்தை சொன்னதுதான், பலகை இன்றைக்கு அடுப்புக்குப் போகிறது என்றார்.

"அது உங்க இஷ்டம்," என்றார் டாக்டர். "ஆனா வீட்டுல உக்காரறது அப்புறம். என் படகு?"

அன்று சாயங்காலம் பலகையோடு சமையலறைக்குள் நுழைந்தவரை மனைவி வழிமறித்தாள். மகள் மூலம் செய்தி முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது. அடுப்பில் வைக்க அது யார் வீட்டுச் சாமான் என்று கேட்டாள். என் கட்டிலில் அறுத்தது, முப்பது வருஷம் இரவல் கொடுத்தேன், இப்போது திருப்பிக் கொடுங்கள் என்றாள். அவர் இரும்புக் குழாயை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இரண்டு ஆணியோடு பலகையைக் கட்டிலில் அதன் பழைய இடத்தில் வைத்து அடித்தார். வயிற்றுப் பக்கத்தை உள்பக்கமாக வைத்து அடித்தார், யாரும் பார்க்க வேண்டாம் என்று. அன்றைக்குக் கட்டில் கிணுகிணுக்கவில்லை. பழக்கமில்லாததால் இரண்டு பேருக்குமே தூக்கம் வரவில்லை.

மறுநாள் நீலத்தைச் சுரண்டித் திரும்பவும் பட்டி பூசினார்கள். பலகையார் இரண்டு பிடி வைத்த நீளப் பலகையை எடுத்தார். முதல் நாள் அதோடு சண்டை போட்டார். இரண்டாம் நாள் கோபத்தில் அழுத்துவதை விட்டார், அது படகின் வளைவோடு தானாகப் பேசிக்கொள்வதைக் கண்டுகொண்டார். நாலாம் நாள் பட்டறைக்கு வந்த யாரோ ஒருவருக்கு, தேய்க்கிற பலகை என்றால் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும், இதை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கருப்புத் தூள் மூன்று தடவை காட்டிக்கொடுத்தது. மூன்று தடவையும் பட்டி பூசித் தேய்த்தார். நாலாவது தடவை கருப்பு மொத்தமும் போனபோது அவர் யாரையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. மருமகன் தானாக வந்து பார்த்துவிட்டுப் போய், நீலத்தைக் கலக்க ஆரம்பித்தான்.

டாக்டரம்மா வந்தார், நின்றார், இருந்த முடியை வாரிக்கொண்டார். வகிடு நேராக வந்தது. படகு தண்ணீரில் இறங்கியது.

அதற்கு அடுத்த வாரம் மாமனாரும் மருமகனும் படகுத்துறைக்குப் போனார்கள். பலகையார் புதுக் கண்ணோடு, புதுப் புத்தியோடு அந்த வெள்ளை வரிசையை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் கை நீளத்துக்கு ஒன்றாக அலை ஓடியது. வழக்கமாக ஒவ்வொரு படகையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடப்பவர், அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

சுமைப் படகுக்காரர் ஒருவர் அவரைக் கண்டு இறங்கி வந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் கறுப்பில் தங்கக் கோடு கேட்டவர்.

"பலகையாரே, டாக்டரம்மா படகப் பாத்தேன். அசந்துட்டேன். எனக்கும் அது மாதிரி நீலம் அடிச்சிடலாமா? நீங்க தேய்ச்ச உடம்புதானே, மேல நீலத்த அடிச்சாப் போதும்."

பலகையார் படகைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க," என்றார். "வெள்ளைன்னா வெயில் இழுக்காது. பறவை எச்சம் தெரியாது. மூடுபனியில தூரத்துலருந்தே தெரியும்."

மருமகன் குனிந்து, இறுக்கமாகவே இருந்த கயிற்று முடிச்சு ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என் பேச்ச நம்பலைன்னா எங்க மாப்பிள்ளையக் கேளுங்க," என்றார் பலகையார். "பெயிண்ட் விஷயத்துல அவர் பொய் சொல்ல மாட்டார்."